எஃப் வரைக்கும் படித்த புருஷன்

கிருஷ்ணகிரி அணைக்கட்டு ஆபீசிலிருந்து ஸ்டோர் கீப்பர் உத்தியோகத்துக்கு நேரில் வரச் சொல்லிக் கார்டு வந்தது. திம்மராயன் அதைச் சாமி படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டான். "எஃப் முடியட்டும், அப்புறம் பாரு" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு மறுபடியும் அகராதியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். போன வாரம் அவனை அங்கேதான் விட்டோம். மனுஷன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறான்.

இன்றைக்கு இன்டர்வியூ. எஃப் இன்னும் முடியவில்லை.

"ஃபாஸ்டிடியஸ்" என்றாள் முனிலட்சுமி. அடுப்பில் ராகிக் களி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டியபடியே, பக்கத்து அம்மியின் மேல் விரித்து வைத்திருந்த அகராதியை ஓரக்கண்ணால் பார்த்துக் கேட்டாள்.

"ஃபாஸ்டிடியஸ்... இரு, நீ சொல்லாத. வேகமா நடக்கறவன்."

"வேகமும் கெடையாது, நடையும் கெடையாது. எதைக் குடுத்தாலும் நொட்டை சொல்றவன். சோத்துல கல்லு, துணியில கறைன்னு ஒண்ணுத்தையும் ஒத்துக்காதவன்."

"அதான் சொல்ல வந்தேன்."

"எங்க சொல்ல வந்தீங்க? நேத்தும் வேகமா நடக்கறவன்னுதான் சொன்னீங்க. முந்தாநாளும் நடந்தான். அவன் ஊரு போய்ச் சேர்ந்திருப்பான், நீங்கதான் இன்னும் இங்கயே நிக்கறீங்க."

திம்மராயன் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்குக் கோபம் வராது. அதுதான் முனிலட்சுமிக்குப் பெரிய கோபம்.

அந்த அகராதி வந்த கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பெங்களூர் போனபோது நடைபாதைக் கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தான். கனமான புத்தகம், தோல் அட்டை, உள்ளே எங்கே பிரித்தாலும் பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகள். ஆனால் அர்த்தமெல்லாம் கன்னடத்தில்! ஓசூர்க்காரனான திம்மராயனுக்குக் கன்னடம் வாசிக்க வரும். காவேரிப்பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்த முனிலட்சுமிக்குக் கன்னடம் பேச வருமே தவிர ஓர் எழுத்துத் தெரியாது. அவன் சொல்லும் அர்த்தம் சரியா தப்பா என்று யார் பார்ப்பது?

வேறு வழியில்லாமல் முனிலட்சுமி கன்னட எழுத்துப் படித்தாள். அடுப்புக் கரியால் தரையில் எழுதி எழுதிப் பழகினாள். புருஷன் இங்கிலீஷ் படிக்கப் பெண்டாட்டி கன்னடம் படித்த கூத்து அந்தத் தெருவிலேயே அந்த ஒரு வீட்டில்தான் நடந்திருக்கும்.

அதுகூடப் போகட்டும். அவன் படிக்கிற லட்சணம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. முதல் பக்கத்தில் ஏ-யில் ஆரம்பித்தவன், ஒரு வார்த்தையைக்கூடத் தாண்டாமல் வந்துகொண்டிருந்தான். திம்மராயனுக்குப் புளி மண்டியில் எடை எழுதுகிற வேலை. வண்டியிலிருந்து மூட்டை எந்த வரிசையில் இறங்குகிறதோ அந்த வரிசையில்தான் தராசில் ஏற வேண்டும், நடுவில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததை ஏற்றினால் கணக்குக் குளறிவிடும். அந்தப் பழக்கத்தை மனுஷன் அப்படியே அகராதிக்கும் கொண்டு வந்துவிட்டான்.

"ஸ்டோருக்கு வேண்டிய வார்த்தையா பொறுக்கிப் படிங்க. சரக்கு, இருப்பு, ரசீது, இதுக்கெல்லாம் இங்கிலீஷுல என்ன சொல்றாங்கன்னு பாருங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வரும் லட்சுமி. அந்தந்த எழுத்து வர்றப்ப வரும்."

வந்தபாடில்லை. எக்ஸாஸ்பரேட் என்று ஒரு வார்த்தை, ஈ எழுத்தில் வந்தது. பொறுமையெல்லாம் தீர்ந்துபோகும்படி எரிச்சல் மூட்டுவது என்று அகராதி போட்டிருந்தது. முனிலட்சுமி அதை ஒரே தடவை பார்த்தாள், பிறகு மறக்கவே இல்லை. அதற்கு அகராதியே தேவையில்லை, திம்மராயனுக்குக் கழுத்தை நீட்டினால் போதும்.

"லச்சுமி! தண்ணி!"

வாசற்படியில் சாந்தா நின்றாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, அதிகாரமாக நின்றாள். முனிலட்சுமி பெற்ற பெண்.

"லச்சுமின்னு கூப்பிடக்கூடாது கண்ணு. அம்மான்னு கூப்பிடு."

குழந்தை அவளை விநோதமாகப் பார்த்தது. பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் கையைக் காட்டியது. "அம்மா அங்க இருக்குது" என்றது.

கொட்டகையிலிருந்து நஞ்சம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "கேட்டியா தம்பி, எங்கண்ணு சொல்றதை!"

முனிலட்சுமி தண்ணீரை மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டுக் குழந்தை கொட்டகைக்கே ஓடிப்போனது. துடுப்பை எடுத்துக் களியைக் கிண்டினாள். கிண்டின வேகத்தில் பானை இரண்டு தடவை அடுப்புக்கல்லில் மோதியது.

நஞ்சம்மா திம்மராயனின் அக்கா. அம்மா செத்தபோது திம்மராயன் தவழ்கிற பிள்ளை. தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணமாகிப் போன இடத்தில் புருஷன் சீக்கிரமே போய்ச் சேர, வயிற்றில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தவள். சானமாவுக் காட்டு ஓரத்தில் இருக்கிற நிலத்தையும் இரண்டு மாட்டையும் இன்றைக்கும் அவள்தான் பார்க்கிறாள். சாந்தா பிறந்து முனிலட்சுமி ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தபோது, பச்சைக் குழந்தையைப் பசும்பாலில் திரி நனைத்துப் புகட்டிப் பிழைக்க வைத்தவளும் அவளே. முனிலட்சுமி எழுந்து உட்காருவதற்குள் குழந்தைக்கு அக்காவின் மடியும் வாசனையும் பழகிவிட்டன. அப்புறம் அது திரும்பவே இல்லை. ராத்திரி அங்கேதான் தூக்கம், காலையில் அங்கேதான் கஞ்சி. வீட்டில் எல்லாரும் முனிலட்சுமியை லட்சுமி என்று கூப்பிட, குழந்தையும் லச்சுமி என்றே கூப்பிட்டது.

நஞ்சம்மாவைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. குழந்தையைக் காப்பாற்றினவளை எந்த வாயால் திட்டுவது? முனிலட்சுமி தனக்குள்ளேயே புகைந்துகொண்டிருந்தாள்.

அதனால்தான் அவளுக்கு அந்த வேலை வேண்டும். ஸ்டோர் கீப்பருக்கு அணைக்கட்டு வேலைக்காரர்கள் தங்குகிற காம்பிலேயே வீடு தருகிறார்களாம். ஒரு வீடு, ஒரு அடுப்பு, தான், புருஷன், பெண். பக்கத்தில் அம்மா என்று கூப்பிட வேறு ஆள் இல்லாவிட்டால் குழந்தை யாரைக் கூப்பிடும்? இவளைத்தானே கூப்பிட வேண்டும்! அந்த ஒன்றுக்காகத்தான் அவள் இத்தனை வார்த்தைகளையும் வேர்வை சொட்டக் கேட்டாள்.

"நானும் கூட வர்றேன்" என்றாள் களியை உருட்டி வைத்துக்கொண்டே.

"இன்டர்வியூவுக்கா? நீ எதுக்கு?"

"பஸ்ஸுல வார்த்தை கேக்க ஆள் வேணாமா?"

நஞ்சம்மா உள்ளே வந்து தம்பியின் நெற்றியில் விபூதி இட்டாள். "போவட்டும் விடு தம்பி. பாப்பா எங்கிட்ட இருக்கட்டும். இங்கிலீஷு சும்மா பொழிஞ்சு தள்ளு, துரைங்க மெரண்டு போவணும்" என்றாள். தம்பியின் இங்கிலீஷில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. "அக்கா, யூ ஆர் பெனிவலன்ட்" என்று, தயாள மனசுக்காரி என்கிற அர்த்தத்தில், அவன் ஒரு தடவை சொன்னதைப் பால் வாங்க வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிக் காட்டியவள் அவள்.

அவர்கள் கிளம்பும்போது சாந்தா அழவே இல்லை. அத்தையின் இடுப்பில் உட்கார்ந்து கையை ஆட்டியது. அழுதிருந்தால் முனிலட்சுமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் ஏறினதும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"ஃபியூடைல்."

"பிரயோஜனமில்லாதது."

"அப்பாடா! ஒண்ணு வந்துச்சு. ஃபர்டிவ்?"

"ஃபர்டிவ்... காய்ச்சல் கண்டவன்."

"ஐயோ ராமா! திருட்டுத்தனமா செய்யறதுங்க. யாருக்கும் தெரியாம, ஒளிச்சு மறைச்சு செய்யறது. எத்தனை தடவ சொல்றது?"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்துல துரை பாப்பாரு, அப்ப என்ன பண்ணுவீங்க?"

சானமாவுக் காட்டில் பஸ் நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பி, வாயில் விரலை வைத்துக் காட்டினார். முன்னால் ரோட்டை யானைகள் கடந்துகொண்டிருந்தன. பெரியது ஒன்று நடுரோட்டிலேயே நின்று, போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

முனிலட்சுமிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. யானையால் இல்லை. நேரமாகிறதே, கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவனைக் கூப்பிட்டுவிடுவார்களே என்றுதான் கவலை. இந்த யானைக்கு ரோட்டைக் கடக்க இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

திம்மராயன் அவள் காதோரம் குனிந்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஃபார்மிடபிள்" என்றான் மெதுவாக, யானையைக் காட்டி.

அவளுக்கு அவனை யானையிடமே பிடித்துக் கொடுத்துவிடலாம் போல வந்தது. ஆனாலும் சிரிப்பும் வந்துவிட்டது. பார்த்தாலே பயப்பட வைப்பது; இதையாவது சரியாகச் சொன்னாரே!

கிருஷ்ணகிரியில் இறங்கிக் குதிரை வண்டி பிடித்து அணைக்கட்டுக் காம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. எங்கே பார்த்தாலும் கருங்கல் குவியல், சிமென்ட் மூட்டை, தூசி. கல் சுமக்கிற பெண்கள் தெலுங்கில் சத்தம் போட்டுக்கொண்டு வரிசையாக ஏறினார்கள். ஆபீஸ் என்பது தகரம் அடித்த ஒரு நீளக் கொட்டகை. நல்லவேளை, அங்கேயும் நேரமாகித்தான் ஆரம்பித்திருந்தார்கள். பியூன் பெயரைக் கேட்டுக்கொண்டு, வெளியே பெஞ்சைக் காட்டினான்.

"கொஞ்சம் அப்படிப் போயிட்டு வர்றேன்" என்று முனிலட்சுமி எழுந்தாள்.

வரும்போதே அவள் பார்த்துவிட்டாள். கொட்டகைக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த சின்னச் சின்ன வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. கடைசி வீட்டுக் கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இரண்டு அறை. மூலையில் மேடை கட்டின அடுப்பு. நின்றுகொண்டே சமைக்கலாம்! வாசலில் தண்ணீர்க் குழாய். தரை இன்னும் ஈரமாக, சிமென்ட் வாசனையோடு இருந்தது. அந்தத் தரையில் சாந்தா உட்கார்ந்து விளையாடுவதையும், அம்மா என்று கூப்பிடுவதையும், தான் அடுப்பிலிருந்து திரும்புவதையும் மனசு பாட்டுக்கு நினைத்துக்கொண்டது. கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு விடுவிடுவென்று திரும்பினாள்.

பெஞ்சில் திம்மராயன் இல்லை. கூப்பிட்டுவிட்டார்கள்.

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது நன்றாகவே கேட்டது. முனிலட்சுமி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்தாள். பியூன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

என்ஜினீயர் மலையாளத்துக்காரர், தமிழ் அரைகுறை. அதனால் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். குரல் நல்ல குரல், விரட்டுகிற குரல் இல்லை. மண்டியில் என்ன வேலை, எத்தனை வருஷமாக, மூட்டை குறைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார். திம்மராயன் தட்டுத்தடுமாறிச் சொன்னான். கொஞ்சம் பொறுத்து அவர் கேட்டார்:

"வாட் இஸ் அன் இன்வென்டரி?"

முனிலட்சுமி சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். ஐ எழுத்து! இன்னும் ஜி இருக்கிறது, ஹெச் இருக்கிறது, அப்புறம்தானே ஐ! போச்சு, எல்லாம் போச்சு. பொறுக்கிப் படியுங்கள் என்று எத்தனை தரம் சொன்னாள்! சரக்கு இருப்புப் பட்டியலைப் பற்றிக் கேட்காமல் ஸ்டோர் கீப்பரிடம் வேறு எதைக் கேட்பார்கள்?

"சார்" என்றான் திம்மராயன். "ஐ ஹேவ் நாட் கம் டு தட் லெட்டர்."

"வாட் லெட்டர்?"

"லெட்டர் ஐ, சார். ஐ ஆம் இன் எஃப்."

என்ஜினீயர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, வயிறு குலுங்குகிற சிரிப்பு. உள்ளே இருந்த இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். ஒன்றையும் தாண்டாமல் வரிசையாகப் படிக்கிறாயா, ஏன் என்று கேட்டார். திம்மராயன் மூட்டைக் கதையைச் சொன்னான். ஸ்டோருக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும், வரிசை தப்பாத ஆள் வேண்டும் என்று என்ஜினீயர் சொன்னது முனிலட்சுமியின் காதில் தெளிவாக விழுந்தது. எந்த லட்சணத்தைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாளோ, அதையே அவர் மெச்சினார். அவளுக்கு ஒரே சமயத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தன. எப்படியோ போகட்டும். கிடைத்ததே!

"ஒன் மோர் திங்" என்றார் என்ஜினீயர். ஸ்டோர் சாவி எந்நேரமும் காம்பில் இருக்க வேண்டும், ஆகவே ஸ்டோர் கீப்பர் இங்கேயே குடியிருக்க வேண்டும், குடும்பத்தோடு இருக்க வீடு தயார், உன் சம்சாரம் வருவாளா என்று கேட்டார்.

முனிலட்சுமி பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"நோ, சார்" என்றான் திம்மராயன். "மை வைஃப் இஸ் அவெர்ஸ் டு லிவிங் இன் த காம்ப்."

அவெர்ஸ்.

அவளுக்கு அகராதியைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. ஏ எழுத்து. மனசில்லாதவள், ஒப்பாதவள், வேண்டவே வேண்டாம் என்கிறவள். மாவு அரைத்துக்கொண்டே அவள்தான் அவனுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வார்த்தையையும் அதன் இடத்தில் போடத் தெரியாத மனுஷன் இதை மட்டும் கொஞ்சங்கூடப் பிசகாமல் போட்டுவிட்டான். சொன்னதோ பச்சைப் பொய்.

"தென் ஐ ஆம் சாரி" என்று அந்த நல்ல குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியானால் அடுத்த ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றது.

பியூன் தடுப்பதற்குள் முனிலட்சுமி உள்ளே போய்விட்டாள்.

மேஜைக்குப் பின்னால் நரைத்த தலையோடு என்ஜினீயர். முன்னால் திம்மராயன். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எந்தா இது? ஆரு நிங்ஙள்?" என்றார் என்ஜினீயர்.

"நான் இவரோட சம்சாரம் சார்." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று மேலே பேசினாள். "எனக்கு மனசில்லைன்னு இவரு சொன்னது பொய். ஐ ஆம் நாட் அவெர்ஸ், சார். எனக்கு அந்த வீடு வேணும்."

என்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். திம்மராயன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது நாம் தலையிடுகிற விஷயம் இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"வெளியே போய் ரெண்டாளும் பேசு" என்றார். "ஊணு கழிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு வா. ஒரே பதில் கொண்டு வா."

வெளியே புளியமரத்தடியில் போய் நின்றார்கள். முனிலட்சுமி அகராதியைக் கல்லின் மேல் தொப்பென்று போட்டாள்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவன் அகராதியை எடுத்துத் தூசி தட்டினான்.

"தனியா போலாம்னு நான் கேட்டப்பல்லாம் என்ன சொன்னீங்க? சி முடியட்டும்னீங்க. டி முடியட்டும்னீங்க. ஈ முடியட்டும்னீங்க. நானும் பைத்தியக்காரி மாதிரி அம்மி மேல அகராதிய வெச்சிகிட்டுக் கேட்டேன். உங்களுக்கு முடிக்கறதுக்கு மனசே இல்ல. படிக்கறேன் படிக்கறேன்னு இசட் வரைக்கும் இழுத்து என்னைக் கெழவியாக்கி இருப்பீங்க!"

"லட்சுமி, மெதுவா பேசு."

"மாட்டேன். இன்னைக்கு மெதுவா பேச மாட்டேன்."

திம்மராயன் மரத்தில் சாய்ந்துகொண்டான். இங்கிலீஷெல்லாம் அவனை விட்டுப் போய்விட்டது. மண்டியில் மூட்டை இறக்கி முடித்த ஆள் மாதிரி களைத்துத் தெரிந்தான்.

"அக்கா இல்லேன்னா நான் ஏது லட்சுமி? என்னைத் தூக்கிச்சு. நீ ஜன்னியில கெடந்தப்ப சாந்தாவத் தூக்கிச்சு. அதுக்குன்னு வேற என்ன இருக்குது? அது கையிலேருந்து புள்ளையப் பிடுங்கிகிட்டு எப்படி வர்றது?"

"பிடுங்கறேனா? நான் பெத்த புள்ளைய நானே பிடுங்கறேனா? உங்க அக்காவையும் கூட்டிகிட்டு வாங்க. நான் வேணாம்னா சொன்னேன்? ரெண்டு ரூம் இருக்குது."

"கேட்டேன். காலையில மாட்டுக்கொட்டகையில வெச்சிக் கேட்டேன். நெலத்தையும் மாட்டையும் விட்டுட்டு நகராதாம். அப்பா பூமியில யானை புகுந்தா யாரு தொரத்தறதுன்னு கேக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் சொல்லல. அழுதுச்சு. அது அழுது நான் பாத்ததே இல்ல லட்சுமி. மாமா செத்தப்பகூட அழுவல. அந்த அக்கா அழுதுச்சு."

முனிலட்சுமிக்கு அந்த அழுகையைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. மனசு ஒரு கணம் இளகியது. அடுத்த கணமே, நான் எத்தனை ராத்திரி அழுதேன், அதை யார் பார்த்தார்கள் என்று பொங்கியது.

"அதுக்காக என் தலையில பழியப் போட்டீங்க. நான் வர மாட்டேன்னு சொன்னதா ஊரு பேசும். உங்க அக்காகிட்டயும் அப்படித்தான் சொல்லி இருப்பீங்க, இல்ல? வேலை கெடைக்கல, லட்சுமிக்குப் பிடிக்கலன்னு."

அவன் மறுக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. கல் சுமந்த பெண்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டு நிழலைத் தேடி வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்தாள். முனிலட்சுமி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கட்டிக்கொண்டு வந்த களி உருண்டையை இரண்டு பேரும் தொடவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது திம்மராயன் எழுந்து அவள் எதிரில் வந்து குந்தினான்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றான். "நான் உள்ள போயி, சரி சார், குடும்பத்தோட வர்றேன்னு சொல்லிடறேன். வேலை வந்துடும். வீடும் வந்துடும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா சாந்தா அக்காகிட்டயே இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் மட்டும் வந்துடலாம். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போயிப் பாத்துக்கலாம். நாம எங்க போனாலும் புள்ளைய அக்காகிட்டேருந்து பிரிக்க மாட்டேன்னு காலையில அதுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன் லட்சுமி. அக்கா கை மேல கைய வெச்சிப் பண்ணிட்டேன்."

முனிலட்சுமி அவன் முகத்தையே பார்த்தாள். விளையாடவில்லை. இதைவிட நியாயமான வழி உலகத்திலேயே இல்லை என்கிற மாதிரி, கெஞ்சுகிற கண்ணோடு அவள் எதிரில் குந்தியிருந்தான். வீடு வேண்டும் என்று அவள் கேட்டாள், இதோ வீடு தருகிறான். யாருக்காகக் கேட்டாள் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. அந்தச் சுண்ணாம்பு அடித்த வீடும், ஈரத் தரையும், மேடை அடுப்பும் அவளுக்கு அந்த நிமிஷமே கசந்துவிட்டன. அழுகை வரவில்லை.

"ஓசூர் திம்மராயன்!" கொட்டகை வாசலிலிருந்து பியூன் கூப்பிட்டான். "ஐயா கூப்பிடறாரு. வெரசா வாங்க!"

திம்மராயன் அவசரமாக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "சரின்னு சொல்லிடட்டுமா? சொல்லு லட்சுமி. சரின்னு சொல்லிடட்டுமா?"

முனிலட்சுமி எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுக்கு முன்னால் கொட்டகையைப் பார்த்து நடந்தாள்.

"நில்லு! நீ எங்க போற? நீ என்ன சொல்லப் போற?"

"உள்ள வாங்க" என்றாள், திரும்பாமலே. "புள்ள இல்லாத வீடு எனக்கு எதுக்கு? நான் சொல்றப்ப பக்கத்துல நின்னு கேட்டுக்குங்க."